மட்டையில் ஒரு குறையும் இல்லை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறது. உங்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். எல்லோருக்கும் கேட்காது, என் காது அப்படி. எந்தப் பொருள் தளர்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். பராமரிப்புப் பிரிவில் சொன்னால் ஏணி இல்லை என்பார்கள். ஏணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏறுகிற ஆள் விடுப்பு என்பார்கள். விசாரணை முடிந்ததும் நானே ஏறி முடுக்கிவிட்டுப் போகிறேன்.

மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த மட்டையைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். பெண்கள் அதை ராக்கெட் என்பார்கள். எனக்கு மட்டை என்றால்தான் வாயில் வரும். கைப்பிடியின் அடியில் நீல நாடா சுற்றியிருக்கிறது. நரம்பின் கடைசி முடிச்சு நான் போட்டதுதான், வேறு யாரும் அப்படி முடிய மாட்டார்கள். ஆகவே, இது நான் கட்டிய மட்டையா என்று கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் கட்டியதுதான். எல்லாவற்றையும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். என் வேலை போவதானால் போகட்டும். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இங்கே நான் சொல்லப்போவது என் மகள் காதுக்குப் போகக்கூடாது. அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் இந்தக் கல்லூரிக்கு டென்னிஸ் பயிற்சியாளனாக வந்தபோது பெண்கள் அணி என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. ஆடுகளத்தில் ஊழியர்கள் ஸ்கூட்டர் நிறுத்துவார்கள். வலை எங்கே என்று கேட்டால், தாவரவியல் துறையில் கொடிக்குப் பந்தல் போட எடுத்துப்போனார்கள் என்று பதில் வந்தது. நான் ஸ்கூட்டர்களை விரட்டினேன், கொடியிடமிருந்து வலையைப் பிடுங்கினேன், பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த துடைப்ப அறையைக் காலிசெய்து அங்கே நரம்பு கட்டும் இயந்திரத்தைப் போட்டேன். அன்றிலிருந்து எங்கள் அணியின் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது நான் ஒருவன்தான். கடைக்குக் கொடுக்க விட்டதே இல்லை. ஒரு கோச் இவ்வளவு மெனக்கெடுவாரா என்று பெற்றோர்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

எல்லோருக்கும் ஒரே கம்பெனி மட்டை, ஒரே எடை, ஒரே கைப்பிடி. அடையாளத்துக்கு நாடாவின் நிறம் மட்டும்தான் வேறு. ஏன் அப்படி என்றால், என் அணியில் ஒருத்திக்கொருத்தி ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. இன்னொரு வழக்கமும் ஏற்படுத்தினேன், அதற்குக் கைமாற்று என்று பெயர். ஒரு வருடம் அணிக்குள் ஓயாத சண்டை. ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்க மாட்டாள். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து, அவரவர் மட்டைப் பையைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் பையோடு நீ ஆடு, உன் பையோடு அவள் ஆடட்டும், அப்போதுதான் ஒருத்தி ஜெயித்தால் இன்னொருத்தியும் ஜெயித்த மாதிரி என்றேன். அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கோப்பையோடு வந்தார்கள். அதிலிருந்து பெரிய ஆட்டம் எதுவானாலும் கைமாற்று இல்லாமல் களத்தில் கால் வைக்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன், அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

என் முதல் நட்சத்திரத்துக்குக் குதிரைவால் என்று பட்டப்பெயர். அவள் பந்தை அடித்தால் எதிரில் நிற்பவள் மன்னிப்புக் கேட்பாள். அவளை வைத்துத்தான் முதல் கோப்பை வாங்கினோம். அந்த வருடமே முகாம் தேர்வும் வந்தது. முகாம் என்றால் தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்குகிற இடம். வருடத்துக்கு ஒரு தேர்வு, கல்லூரிப் பெண்களில் ஒரே ஒருத்திக்கு இடம். கிடைத்தவள் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் அவளுக்கு ஊர் ஊராகப் பறக்கிற வாழ்க்கை. கல்லூரி அணிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. குதிரைவாலுக்கு இடம் கிடைத்தது. நான் அணி முழுவதற்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் நாங்கள் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினோம். முதல்வர் என்னை வராந்தாவில் பார்த்து, "என்ன கோச், போன வேகத்துல திரும்பிட்டீங்க, பஸ்ஸை நிறுத்தவே இல்லையா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதிர்க்கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாத ஆள். அந்தத் தொப்பிக்காரர் என் தோளைத் தட்டி, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். தட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே வாரம் குதிரைவால் தொலைக்காட்சியில் வந்தாள். தன் வெற்றிக்குக் காரணம் அம்மாவும், தசைப்பிடிப்புக்கு மருந்து தேய்த்துவிடுகிறவரும், வீட்டு நாயும் என்றாள். நாய்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அது அதன் வேலையைச் செய்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்தவள் நெட்டை. குதிரைவாலைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். அவளுக்கும் முகாம் தேர்வு வந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், முதல் தடவை நான் ஒன்றுமே செய்யவில்லை. படிக்கட்டு அறையில் அவள் மட்டைக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். இயந்திரத்தில் ஒரு முள் இருக்கும், நரம்பை எவ்வளவு இழுக்கிறோம் என்று அது காட்டும். என் நினைப்பெல்லாம் தொப்பிக்காரர் தட்டிய தோளில் இருந்தது. கட்டி முடித்து உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். சத்தம் ஒரு இழை கீழே இருந்தது. முள்ளைப் பார்த்தால், அது இருக்க வேண்டிய கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அறுத்துவிட்டு மறுபடி கட்ட நேரம் இருந்தது. கட்டவில்லை, சும்மா இருந்தேன். சும்மா இருப்பது குற்றம் என்றால் இந்தக் கல்லூரியில் பாதிப் பேரை நீங்கள் விசாரிக்க வேண்டியிருக்கும்.

நரம்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டை உடையாது, யாருக்கும் அடிபடாது. பந்து போக வேண்டிய இடத்தைவிட ஒரு சாண் தள்ளிப் போகும், அவ்வளவுதான். கோட்டுக்குள் விழ வேண்டியது கோட்டுக்கு வெளியே விழும். ஆடுகிறவளுக்கு மட்டைமேல் சந்தேகமே வராது, ஏனென்றால் அது அவள் தினமும் பிடிக்கிற மட்டை. தன்மேல்தான் சந்தேகம் வரும். கை நடுங்குகிறதோ, பயந்துவிட்டோமோ என்று நினைப்பாள். அப்படி நினைக்க ஆரம்பித்த பிறகு உண்மையாகவே கை நடுங்கும். நான் தொடங்கி வைத்ததோடு சரி, மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

நெட்டை தோற்றுப்போய் வந்து, என் முன்னால் நின்று கேவினாள். மட்டையில் ஏதாவது கோளாறா சார் என்று கேட்டாள். அப்போது என் வாயில் தானாக ஒரு வாக்கியம் வந்தது.

"மட்டையில ஒரு குறையும் இல்லம்மா. மனசுலதான். பெரிய நேரத்துல உனக்கு மனசு கொஞ்சம் ஆடுது. பரவால்ல, நம்ம காலேஜ் இருக்கு, நான் இருக்கேன்."

அவள் எங்கேயும் போகவில்லை. படிப்பு முடிகிற வரைக்கும் எங்களோடு இருந்து, வெறியோடு ஆடி, கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்தாள். முதல்வர் என்னை வராந்தாவில் பார்த்தால் தானாக நின்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். தொப்பிக்காரர் என் கண்ணில் படாமல் சுவரோரமாகப் போனார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அதை மறைக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு தற்செயலாக நடப்பதற்காக நான் காத்திருக்கவில்லை. இருந்தாலும் இதை ஏதோ கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அதிகமாகத் தளர்த்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். குறைவாகத் தளர்த்தினால் கெட்டிக்காரப் பெண் அதையும் மீறி ஜெயித்துவிடுவாள். ஒருத்தி ஓங்கி அடிப்பவளாக இருந்தால் தளர்த்த வேண்டும், பந்து வெளியே பறக்கும். ஒருத்தி பதவிசாக ஆடுபவளாக இருந்தால் இறுக்க வேண்டும், பந்து வலையில் போய் விழும். ஒவ்வொருத்தியையும் உட்கார்ந்து யோசித்து, அவள் அடிக்கிற விதம், அவள் சுபாவம், எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் கட்டினேன். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறவன் நல்ல பயிற்சியாளன் இல்லை. முகாமுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவுகிற பயிற்சியாளர்கள் ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு யோசித்திருப்பார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று சொல்கிறீர்கள். அந்த வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. நெட்டை சட்டம் படித்தாள். நீதிமன்றத்தில் நின்று வாதாட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு அலுவலகத்தில் பின்னறையில் உட்கார்ந்து மற்ற வக்கீல்களுக்கு எழுதிக் கொடுக்கிறாள். பெரிய நேரத்தில் எனக்குக் கை வராது சார், அது உங்களுக்கே தெரியுமே என்கிறாள். இன்னொருத்தி சோடாபுட்டி. கார் ஓட்டும் தேர்வுக்குப் போய், ஆய்வாளர் கதவைத் திறந்ததுமே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்றைக்கும் பஸ்தான், சுற்றுச்சூழலுக்கு நல்லது. இடதுகை என்று ஒருத்தி, அறுவை சிகிச்சை படிக்கிறேன் என்று போனவள். கத்தியைக் கையில் எடுக்கும் முன்னாலேயே வேண்டாம் என்று முடிவு செய்து, ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு அமைதியாக இருக்கிறாள். தன் குறை என்னவென்று தெரிந்துகொண்டு அதற்குள் வாழ்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? என் பெண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். புத்தாண்டுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார்கள். அப்பாவுக்கு அடுத்தபடி நீங்கள்தான் என்று எழுதுகிறார்கள். குதிரைவாலிடமிருந்து ஒரு வரி வந்தது கிடையாது.

இப்போது இந்த வருடத்துக்கு வருகிறேன். இந்த வருடம் என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தூங்குமூஞ்சி. பந்து வருகிறவரை கண் பாதி மூடியே இருக்கும், பந்து வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. இந்த மட்டையில் இருக்கிற நீல நாடா அவளுடையது. இன்னொருத்தி என் மகள், பாப்பா. அவளுக்குச் சிவப்பு நாடா. இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருப்பார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடக்கக் கற்றுக்கொண்டதே மட்டையை ஊன்றித்தான். சின்ன வயதில் மட்டையைப் பக்கத்தில் படுக்க வைத்து அதற்கும் சேர்த்துப் போர்த்திவிடுவாள். முகாமுக்குப் போக வேண்டும், அதைத் தவிர அவள் எதையும் கேட்டதில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றாலும் முகாம்தான். வயது வரம்பு இருக்கிறது. இந்த வருடம் விட்டால் அவளுக்கு அந்தக் கதவு மூடிவிடும். அவள் திறமைசாலி, மிகையாகச் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி இல்லாத எந்த வருடத்திலும் அவளுக்குத்தான் இடம். தூங்குமூஞ்சி இருக்கிற வருடத்தில் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான். என் மனைவி ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "உங்க காலேஜுக்கு இத்தனை செஞ்சீங்களே, நம்ம பொண்ணுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். மென்று விழுங்கினேன், சாப்பாட்டையும் பதிலையும் சேர்த்து.

தேர்வின் கடைசி ஆட்டத்துக்கு அவர்கள் இரண்டு பேரும்தான் வந்து சேர்ந்தார்கள். ஜெயிப்பவளுக்கு முகாம். நான் படிக்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மட்டைகளையும் கட்டினேன், ஆளுக்கு இரண்டு. சிவப்பு நாடா மட்டைகளை நான் எப்படிக் கட்டினேன் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததே இல்லை. தட்டினால் மணி மாதிரி கேட்டது. நீல நாடாவுக்கு வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். தூங்குமூஞ்சி ஓங்கி அடிப்பவள், அதனால் தளர்த்தினேன். இங்கே நீங்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மகளுக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது என் பெயருக்குக் களங்கம். நான் ஒவ்வொரு வருடமும் செய்கிற வேலை அது. மகள் இல்லாவிட்டாலும் செய்திருப்பேன். இந்த வருடம் என் மகளும் அந்தப் பக்கம் நின்றாள் என்பது தற்செயல். சொந்தபந்தம் பார்த்து எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

அன்று காலையில் பளிச்சென்று வெயில். பார்வையாளர் வரிசையில் தேர்வாளர்கள், பெற்றோர்கள், தொப்பிக்காரரின் தொப்பி. இரண்டு பெண்களும் உடைமாற்றும் அறையிலிருந்து கைகோத்துக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் நான்தான் பயிற்சியாளன் என்பதால் இடைவேளையில் யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்று நடுவர் சொல்லியிருந்தார். நான் மேல் படியில் உட்கார்ந்து, நிம்மதியாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

என் மகள் முதல் பந்தை அடித்தாள். மணிச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டது.

என் காலை நானே கீழே இறக்கி வைத்தேன். இன்னொரு பந்து, இன்னொரு 'பொத்'. எதிர்ப்பக்கம் தூங்குமூஞ்சி திருப்பி அடித்தபோது மணி அடித்தது. என் மகளின் கையைப் பார்த்தேன். மட்டையின் அடியில் நீல நாடா. உங்களுக்கு முன்னாலேயே புரிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடைமாற்றும் அறையில் கைமாற்று நடந்திருக்கிறது. இதுவரை முகாம் தேர்வுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருத்திதான் போவாள், பையை மாற்றிக்கொள்ள ஆள் இருக்காது. இந்த வருடம் ஆள் இருந்தது. எதிரெதிராக ஆடப்போகிறவர்கள்கூட, ஒருத்தி ஜெயித்தால் இன்னொருத்தியும் ஜெயித்த மாதிரி என்று பையை மாற்றிக்கொண்டார்கள். நான் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

பாப்பா அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் கட்டியது கட்டியபடியே வேலை செய்தது. இடைவேளை விட்டார்கள். இறங்கிப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரில், கூப்பிடு தூரம்கூட இல்லை, தூங்குமூஞ்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் சிவப்பு நாடாப் பை கிடந்தது. அதற்குள் இன்னொரு மட்டை சும்மா இருந்தது. உன் பையை வாங்கிக்கொள் என்று சொன்னால் போதும். தூங்குமூஞ்சி சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள்.

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நான் சரியாத்தான் அடிக்கிறேன். பந்து ஏன்ப்பா வெளிய போகுது? ராக்கெட்ல ஏதாவது இருக்கா, பாருங்களேன்" என்றாள். மட்டையை என் கையில் கொடுத்தாள்.

வாங்கினேன். தட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை, இருந்தாலும் தட்டினேன். வாங்கிக்கொள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் கேட்காவிட்டால் நடுவர் கேட்பார், தொப்பிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மட்டையைத் தொட்டால் நெட்டை வருவாள், சோடாபுட்டி வருவாள், இடதுகை வருவாள், அலமாரியில் இருக்கிற கோப்பை அத்தனையும் சரிந்து விழும். ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஒரு வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? என் வாழ்க்கையைத்தான் சொல்கிறேன்.

"மட்டையில ஒரு குறையும் இல்ல பாப்பா," என்றேன். "மனசுலதான். மூச்சை நல்லா இழுத்து விடு."

அவள் தலையாட்டினாள். சின்ன வயதில் ஊசி வலிக்காது என்று சொன்னாலும் இப்படித்தான் தலையாட்டுவாள். மட்டையை வாங்கிக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டே போனாள். எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மேல் படிக்குத் திரும்பிப் போனேன். அதற்குப் பிறகு அவள் அடித்த ஒவ்வொரு பந்தின் சத்தத்தையும் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். என் காதுக்கு அதுவே போதுமான தண்டனை. நீங்கள் வேறு தனியாக எதற்குக் கொடுக்க வேண்டும்?

தூங்குமூஞ்சி முகாமுக்குப் போய்விட்டாள். அவளும் தொலைக்காட்சியில் வந்தாள். எங்கள் கோச் சார் அன்றைக்குக் கட்டிக் கொடுத்த மட்டை மாதிரி என் கைக்கு எதுவும் அமைந்ததில்லை, அவருக்குத்தான் நன்றி என்றாள். இத்தனை வருடத்தில் ஊரறிய எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, "அது என் ராக்கெட்ப்பா" என்றாள். ஆமாம், உன் ராசி அவளுக்குப் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது அவள் ஆடுவதில்லை. எனக்கு மனசு பலம் இல்லை என்று அவளே சொல்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை. படிப்பும் முடிந்துவிட்டது, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று படிக்கட்டு அறைக்குக் கூட்டிவந்தேன். உதவிப் பயிற்சியாளராகப் போட முதல்வரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் ஒரே இடத்தில் வேலை செய்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்? நரம்பு கட்டுவதை அவளாகவே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். எவ்வளவு தளர்த்தினால் பந்து எவ்வளவு தள்ளிப் போகும் என்றுகூடக் கேட்டாள். அவளுக்கும் என் காது. தட்டிப் பார்த்தே முள் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவாள். கைமாற்றில் வந்த பை அவளிடமே தங்கிவிட்டது. போன மாதம் ஒரு நாள், வீட்டு அலமாரியில் வைத்திருந்த நீல நாடா மட்டையை எடுத்துவந்து தட்டினாள். தூங்குமூஞ்சி ஒரு மட்டையை ஞாபகத்துக்குத் திருப்பிக் கொடுத்திருந்தாள், அந்தச் சிவப்பு நாடா மட்டையையும் தட்டினாள். இரண்டும் என்றைக்குக் கட்டியது அப்பா என்று கேட்டாள். ஒரே நாளில்தான் என்றேன். நரம்பு நாளாக நாளாகத் தளரும் என்றும் சொன்னேன், அது உண்மைதான். ஒரே நாளில் கட்டியதில் ஒன்று மட்டும் எப்படித் தளரும் என்று அவள் கேட்கவில்லை. மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை. தொண்டை சரியில்லை போலிருக்கிறது, வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மேசைமேல் இருக்கிற இந்த நீல நாடா மட்டை என் வீட்டில், என் மகள் அலமாரியில் இருந்த மட்டை. அது இங்கே எப்படி வந்தது? புகார் கொடுத்தவர் பெயரை இப்போதைக்குச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா, தொப்பிக்காரரின் கைவரிசைதான். ஆளை வைத்து வீடு புகுந்து எடுத்திருக்கிறார். பாப்பாவிடம் சொன்னால் துடித்துப்போவாள், அந்த மட்டையை அவள் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள். என்னை விசாரிப்பதெல்லாம் சரி, திருட்டையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். எல்லாப் பெண்களின் மட்டையையும் நான்தான் கெடுத்தேன். இடைவேளையில் என் மகளிடம் பொய் சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன், என் கை நடுங்காது. அந்த இடைவேளை விஷயத்தை மட்டும் அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்தில் என்னை நம்புகிறவள் அவள் ஒருத்திதான், அது எனக்கு வேண்டும்.

அடுத்ததாகப் புகார் கொடுத்தவரை உள்ளே கூப்பிடப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள், நான் அதற்குள் ஏணி கொண்டுவந்து மின்விசிறியைப் பார்த்துவிடுகிறேன். ஆனால் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே பெஞ்சில் அப்படி யாரையும் காணோமே. என் பாப்பா மட்டும்தான் சிவப்பு நாடா மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருப்பாள்.